ஒத்திகை பார்த்த பதில்

தொழிற்சாலையைச் சோதிக்க ஓடிட் வரப்போகிறது என்று எங்களுக்கு யாரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. கழிப்பறையில் சவர்க்காரம் இருந்தால் ஓடிட். உடைந்த கதவுக் கொண்டிக்குப் பதிலாகப் புதுக் கொண்டி மாட்டியிருந்தால் பெரிய ஓடிட். வத்தளையில் நாங்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் மற்ற நாட்களில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். ஒரு லைனில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் இரண்டே டோக்கன். முதல் ஆள் திரும்பி வரும்வரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அந்த டோக்கன் பலகை காணாமற்போய், அது தொங்கிய இடத்தில் ஒரு பூச்சாடி வந்திருந்தால், வெளியிலிருந்து யாரோ நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த நாட்களுக்கென்றே எங்களிடம் பதில்கள் இருந்தன. மனிதவள முகாமையாளர் சந்திரகுமார் சேர் சொல்லித் தந்தவை. ஓடிட்காரரோடு வரும் மொழிபெயர்ப்பாளர் எப்போதும் சிங்களவராக இருப்பதால் அவற்றைச் சிங்களத்திலேயே எங்களுக்குப் பாடமாக்கியிருந்தார். 'மெஹே ஒக்கோம ஹொந்தாய், மேடம். ப்ரஷ்னயக் நே.' இங்கே எல்லாம் நல்லம், ஒரு பிரச்சினையும் இல்லை. இதைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அறையில் சோறு குழைந்துபோனால்கூட ஒருத்தி 'ஒக்கோம ஹொந்தாய்' என்பாள், மற்றவள் சிரிப்பாள்.

சந்திரகுமார் சேரும் எங்கள் மலைப்பக்கம்தான். பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி. எங்களை 'நம்ம புள்ளைங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தை காதில் விழுந்தாலே நான் என் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். என்னைச் சந்தேகப் பேர்வழி என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். போன வருடம் ஓடிட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரியிடம், 'உங்க பேரு வெளிய வராது' என்பதை நம்பி, ஓவர்டைம் பற்றி உண்மையைச் சொன்னாள் ஒரு பிள்ளை. மறுவாரம் அவளை அயர்ன் பகுதியில் நீராவிக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவளுக்கு என்னைப் போல நாலு சந்தேகம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் சுதர்சினி. கொட்டாஞ்சேனையில் கோயில் மணி தலைக்குமேல் அடிப்பது போலக் கேட்கும் ஒரு மேல்மாடி அறையில் இருவரும் ஒன்றாக இருந்தோம். வாய் அதிகம். வயிற்றில் ஒரு வார்த்தை தங்காது. ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. கர்ப்பமாயிருந்த ஒருத்தி டோக்கனுக்குக் காத்திருந்து மெஷினிலேயே ஈரமாகி அழுத நாளில், 'இனி யூனியன் இல்லாம சரிவராது' என்று எழுந்து சொன்னவள் அவள்தான். சொன்னதோடு நிற்காமல் ஆட்களையும் சேர்த்தாள்.

பிறகு ஒரு மாலை, வேலை விட்டு வெளியே போகும்போது, கேட்டில் பை பார்க்கும் மேசையில் அவள் பைக்குள்ளிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தார்கள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்தான் நின்றேன். பை திறந்தபோது அதற்குள் சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் மட்டும்தான் இருந்தன. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சூப்பர்வைசர் அம்மா பையை மேசைக்குக் கீழே இறக்கினாள், மறுபடி மேலே வைத்தாள், சட்டை இருந்தது. சுதர்சினி அந்த நேரம் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் தவிர ஒருவரும் அதைக் காணவில்லை. அன்றே அவளைக் கள்ளி என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். கள்ளி என்று பெயர் வாங்கியவளை வத்தளையில் வேறெந்தத் தொழிற்சாலையும் வாசலுக்குக்கூட எடுக்காது.

கொட்டாஞ்சேனையில் தொழிற்சங்க வேலை பார்க்கும் பேர்னாட் அண்ணன் அவளுடைய வழக்கை எடுத்தார். லேபர் ஒஃபிஸில் போட்டது ஊறிக்கொண்டே கிடந்தது. அதன்பிறகு அவர் வேறொரு கதை கொண்டுவந்தார். சுற்றியுள்ள நாடுகள் கூடிச் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின் கீழ் முறைப்பாடு போடலாமாம்.

"நம்மட சட்டை அந்த நாடுகளுக்கு வரி இல்லாம போகுது, தங்கச்சி," என்றார் என்னிடம். "சும்மா இல்ல. யூனியன் வைக்க விடணும், வைச்சவங்களை விரட்டக் கூடாது எண்டு அந்த அக்ரிமென்டிலயே இருக்கு."

"விரட்டுனா?"

"ஆள் அனுப்பி விசாரிப்பாங்க. திருத்தச் சொல்லுவாங்க. திருத்தலைன்னா அந்தக் கம்பனிக்கு வரிச் சலுகை போகும்."

"சலுகை போனா ஃபெக்டரிய மூடிட்டுப் போயிருவாங்க. அப்ப யாருக்கு வேலை போகும்? அந்த நாட்டுக்காரங்களுக்கா, எங்களுக்கா?"

பேர்னாட் அண்ணன் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி. அதுக்குத்தான் முதல்ல திருத்த டைம் குடுக்கிறாங்க. கம்பனி உங்களுக்கும் பயப்படாது, எனக்கும் பயப்படாது. வரிக்குப் பயம். அந்தப் பயம்தான் நமக்கு வேணும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மந்திரிமார் கோட்டுப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குள் பொகவந்தலாவைப் பிள்ளைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம். இருந்தாலும் சுதர்சினிக்காக ஒத்துக்கொண்டேன். விசாரணைக் குழு என்றைக்கு வரும் என்று அவருக்கும் தெரியாது. வந்தால் தொழிலாளரை ஒவ்வொருவராக மூடிய அறைக்குள் கூப்பிடுவார்கள், பெயர் எடுக்க மாட்டார்கள், பார்த்ததைச் சொன்னால் போதும் என்றார். சொல்கிறேன் என்று சுதர்சினியின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அந்த நாளும் வந்தது. காலையில் போனபோது சவர்க்காரம், கொண்டி, பூச்சாடி எல்லாம் இருந்தன. சந்திரகுமார் சேர் லைனுக்கு நடுவில் நின்று, "நம்ம புள்ளைங்க கவனமா கேளுங்க. புது பையர்ஸ் வர்றாங்க. பெரிய ஓடர். வாயக் குடுத்து கெடுத்துறாதீங்க," என்றார்.

வந்தவர்களில் வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லை. தாய்லாந்து அம்மா ஒருத்தி, பூட்டான்காரர் ஒருவர். உரிமை, சட்டம் என்று விசாரிக்க வருபவர்கள் எங்கள் அனுபவத்தில் வெள்ளைக்காரர்கள்தான். இந்த முகவெட்டோடு வருபவர்கள் மெஷின் விற்க வருவார்கள், அல்லது சட்டை வாங்க வருவார்கள். இதை நான் மட்டும் நினைக்கவில்லை, லைன் முழுக்க அப்படித்தான் நினைத்தது. சுற்றியுள்ள நாடுகள் என்று பேர்னாட் அண்ணன் சொன்னது அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

அவர்களோடு கைத்தறிச் சேலை கட்டிய ஒரு தமிழ் அம்மாவும் வான் வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கியதும் சந்திரகுமார் சேரிடம் ஏதோ கேட்டார். அவர் குனிந்து பதில் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். இருவருமாக நடைபாதையில் உள்ளே போனார்கள். போதாதா எனக்கு? இது நம் ஆள் இல்லை, சேருடைய ஆள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

என் முறை வந்தது. அறையில் மூவரும் இருந்தார்கள். தமிழ் அம்மா யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கினார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. நீங்கள் சொல்லுறது இந்த அறையை விட்டு வெளியில போகாது. உங்கட பேரும் எங்களுக்கு வேண்டாம்."

இந்தப் பல்லவியைத்தான் அந்த வெள்ளைக்காரியும் பாடினாள். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு முகம் போதும்.

"டொய்லெட்டுக்குப் போறதுக்கு டோக்கன் வேணுமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டை வாங்க வந்தவர்களுக்கு டோக்கன் கதை எப்படித் தெரியும்? புத்தியுள்ள வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். என் புத்தி எதிர்ப்பக்கம் ஓடியது. சேர்தான் சொல்லிக் கொடுத்து, எங்களில் யார் வாய் திறக்கிறாள் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"மெஹே ஒக்கோம ஹொந்தாய், மேடம். ப்ரஷ்னயக் நே," என்றேன். தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் சொல்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பதிலுக்கு என் வாயில் வேறு பாஷையே கிடையாது.

அம்மா பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த கேள்வி.

"சுதர்சினி எண்ட பிள்ளையைத் தெரியுமோ? அவவுக்கு என்ன நடந்தது?"

அவள் சிநேகிதிகள் யார் என்று பொறுக்கி எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இதற்கும் எங்களிடம் பதில் இருந்தது, போன மாதம்தான் பாடமாக்கித் தந்திருந்தார்கள்.

"ஏயா படு ஹொரகம் கலா, மேடம்." அவள் பொருள் திருடினாள்.

அதையும் அந்த அம்மா ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆங்கிலமாக்கினார். நான் தப்பித்துவிட்ட நிம்மதியோடு மெஷினுக்குத் திரும்பினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டும் திரும்பினேன்.

மாலையில் அறைக்குப் போனபோது சுதர்சினி அடுப்படியில் நின்றாள். என்னைக் கண்டதும் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"வந்துட்டாங்களாமே! பேர்னாட் அண்ணன் ஃபோன் பண்ணாரு. இன்னிக்கு ஃபெக்டரிக்கே வந்துட்டாங்களாம். தாய்லாந்து மேடம்னு சொன்னாரு. ஒன்ன கூப்பிட்டாங்களா சுபா?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கூப்பிட்டாங்க."

"என்னா சொன்ன?"

"ஒக்கோம ஹொந்தாய்னு சொன்னேன்."

அவள் சிரித்தாள். "வெளயாடாத. சொல்லு."

"பையர்ஸ்னு நெனச்சேன் சுதா. சேரு அப்படித்தான் சொன்னாரு. அந்த அம்மா வேற அவரோட சிரிச்சிக்கிட்டு..."

"என்னைப் பத்தி கேட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "கேட்டாங்க. நீ எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒலகத்துல எல்லாரையும் சந்தேகப்படுவ. என்னை மட்டும் நம்புறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். இரண்டு உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு பேர்னாட் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு என் அழைப்பை அவள் எடுக்கவில்லை.

பேர்னாட் அண்ணன் எடுத்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "ஒரே ஒரு கண் சாட்சி நீங்க. அதுவும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டுது. இனி நான் என்ன செய்ய?" என்றார். மாற்றிச் சொல்ல முடியாதா என்று கெஞ்சினேன். "மொழிபெயர்த்தது பத்மாவதி மிஸ். வெள்ளவத்தையில சிங்களம் படிப்பிக்கிறவ. ஒருத்தர் சொன்னதை மாத்துற ஆள் இல்ல அவ," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் உடனே பஸ் ஏறினேன். வெள்ளவத்தையில் இறங்கி, டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளிடம் விசாரித்தால், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றைக் காட்டினார்கள். 'பேச்சுச் சிங்களம் கற்பிக்கப்படும்' என்ற பலகை தொங்கிய தொடர்மாடி. மூன்றாம் மாடியில் இரும்புக் கிராதிக்குப் பின்னால் அதே அம்மா, வீட்டு உடுப்பில் வந்து நின்றார். என்னை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறியது. கிராதியின் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆர் உம்மை அனுப்பினது?"

"யாரும் அனுப்பல மிஸ். நானாத்தான் வந்தேன்."

"அனுப்பின ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் சொல்லுறவை. கீழ ஆரும் ஃபோனோட நிக்கினமோ? படம் எடுக்கச் சொல்லி விட்டவரோ உம்மட மனேஜர்?"

எனக்கு மேல் ஒரு சந்தேகப் பேர்வழியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கோபம் வந்தது. "நீங்கதானே மிஸ் எங்க மெனேஜரோட சிரிச்சிக்கிட்டு உள்ள போனீங்க! அதப் பாத்துத்தானே நான் வாயப் பொத்திக்கிட்டேன்!"

"டொய்லெட் எங்க எண்டு கேட்டனான்!" என்று கத்தினார். "வத்தளை வரைக்கும் வானில வந்த மனுசி வேற என்னத்தைக் கேக்கிறது? இப்ப அதுக்கும் கணக்குச் சொல்லவேணுமோ நான்?"

நான் கேட்டில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"வேண்டாம். ஒண்டும் சொல்லாதையும். சாட்சியை நான் வெளியில சந்திச்சன் எண்டு தெரிஞ்சால், நான் மொழிபெயர்த்தது முழுக்கத் தள்ளுபடி. விசாரணையே இல்லாமல் போகும். அந்தப் பிள்ளைக்கு எண்டைக்கும் நியாயம் கிடையாது. விளங்குதோ?"

"அப்ப நான் என்னா செய்ய?"

அவர் தணிந்தார். "இது ஊருக்கே அறிவிச்ச விஷயம், அதால சொல்லுறன். நாளைக்குக் காலமை இங்க வெள்ளவத்தையில பகிரங்கக் கூட்டம். கம்பனியும் வரும், யூனியனும் வரும். அந்த ஃபெக்டரியில வேலை செய்யிற ஆரும் கை உயர்த்திக் கதைக்கலாம். ஆனா அங்க மூடின கதவு இல்லை. பேர் சொல்லவேணும். உம்மட மனேஜருக்கு முன்னாலதான் சொல்லவேணும்."

நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, நீர் இங்க வரேல்லை. நான் உம்மைக் காணேல்லை. உம்மட நிழலுக்கும் சொல்லிப்போடாதையும்."

மறுநாள் காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டுவிட்டு அங்கே போனேன். ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஹோட்டலின் மண்டபம். ஒரு பக்கம் கம்பனி வழக்கறிஞரும் சந்திரகுமார் சேரும், மறுபக்கம் பேர்னாட் அண்ணன், அவர் மனைவி புளோறன்ஸ் அக்கா, சுதர்சினி. சுதர்சினிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை நோக்கி நடந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தன் கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள்.

"ஆ, சுபாஷினி!" சந்திரகுமார் சேரின் முகம் மலர்ந்தது. கம்பனிக்காகப் பேச யாரோ என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தார் போலும். "நம்ம புள்ள. வாங்க, இங்க ஒக்காருங்க." கூட்டம் தொடங்கிவிட்டது, வேறு இடமும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுதர்சினி அதைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

தாய்லாந்து அம்மாதான் தலைமை. அவர் கம்பனியிடம் முதலில் கேட்டது இதுதான்: நேற்றுத் தமிழ்ப் பெண்களிடம் தமிழில் கேட்டோம், ஒவ்வொருவரும் சிங்களத்தில், ஒரே வசனத்தைச் சொன்னார்கள், எப்படி?

சந்திரகுமார் சேர் எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "எங்கள் நிறுவனத்தில் இன ஒற்றுமை அந்தளவுக்கு இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னதை, பத்மாவதி மிஸ் எங்களுக்காகத் தமிழில் சொன்னார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

தொழிலாளர் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டபோது கையை உயர்த்தினேன்.

பேர்னாட் அண்ணன் துள்ளி எழுந்தார். "ஒப்ஜெக்ஷன்! இவ கம்பனியோட வந்தவ. இவவைப் பேச விடக் கூடாது!"

"ஏன் விடக் கூடாது?" என்றார் சந்திரகுமார் சேர், ரொம்பப் பெருந்தன்மையாக. "தொழிலாளி பேசட்டும். எங்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை."

தாய்லாந்து அம்மா தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று ஜன்னலெல்லாம் அதிரக் கடந்து போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அப்படியே உட்கார்ந்துவிடலாம், தலைசுற்றுகிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மாவுக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு எல்லாம் என் சம்பளத்தில்தான். ரயில் போய்விட்டது.

"என் பேரு இராமர் சுபாஷினி. எட்டாவது லைன்," என்றேன், தமிழில். "கேட்டுல பைய தொறந்தப்போ அதுல சட்ட இல்ல. சாப்பாட்டு பெட்டியும் கொடையுந்தான் இருந்துச்சி. சூப்பர்வைசர் மேடம் பைய மேசைக்கு கீழ கொண்டுபோனாங்க. மேல வந்தப்போ சட்ட இருந்துச்சி. நான் பின்னால நின்னு பாத்தேன். சுதர்சினி திருடல."

பத்மாவதி மிஸ் ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலமாக்கினார். நேற்று நான் சொன்ன பொய்யைச் சொன்ன அதே குரல், ஏற்ற இறக்கம் கிடையாது.

கம்பனி வழக்கறிஞர் எழுந்தார். நேற்று மூடிய அறையில் யார் என்ன சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது, ஆனால் எல்லோரும் ஒரே பதில் சொன்னதாக இப்போது தலைவரே சொன்னார், அப்படியானால் இந்தப் பெண் நேற்றுச் சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்டார்.

"நேத்து சொன்னது பொய்," என்றேன். "அது என் பொய் இல்ல. அத எனக்கு பாடமாக்கித் தந்தவர் இந்தா இங்க ஒக்காந்திருக்காரு. டோக்கன் இல்லைன்னு சொன்னதும் அவரு தந்த பாடந்தான். நெஜத்தச் சொல்ல எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்ல."

சந்திரகுமார் சேர் தன் நாற்காலியை என்னிடமிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டார். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எங்கள் தொழிற்சாலைப் பிள்ளைகள் இன்னும் சிலர் கையை உயர்த்தினார்கள்.

முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. சுதர்சினியைப் பழைய வேலைக்கே எடுக்க வேண்டும், கள்ளி என்ற பெயரை நீக்க வேண்டும், சங்கம் வைக்க விட வேண்டும், டோக்கனை ஒழிக்க வேண்டும், சாட்சி சொன்ன எவர்மேலும் கை வைக்கக் கூடாது. வருட முடிவுக்குள் இதைச் செய்யாவிட்டால் வரிச் சலுகை போகும் என்றது குழு. கம்பனி செய்தது. எங்கள்மேல் வந்த பாசத்தில் அல்ல, பேர்னாட் அண்ணன் சொன்ன அதே வரிப் பயத்தில். தொழிற்சாலையும் மூடப்படவில்லை. புது ஓடரும் வந்தது. அந்த உடன்படிக்கையை நான் இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போக இப்போது யாரையும் கேட்பதில்லை, அதை மறுக்க முடியாது.

ஒரு கையால் செய்துகொண்டே கம்பனி மறுகையால் மேன்முறையீடும் போட்டிருந்தது. விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை, யாரோ சாட்சிகளைத் தயார் செய்திருக்கிறார்கள் என்று அவர்களுடைய வழக்கறிஞர் துருவிக்கொண்டிருந்தார். "ஒரு ஓட்டை கிடைச்சா போதும், சுதர்சினியிட வேலை திரும்பப் போயிடும்," என்று பேர்னாட் அண்ணன் எங்கள் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார்.

சுதர்சினி வேலைக்கு வந்தாள். அறைக்கு வரவில்லை. புளோறன்ஸ் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். என்னைக் கண்டால் சிரிப்பாள், நலம் கேட்பாள், சங்கக் கூட்டத்தில் 'தைரியமான சகோதரி' என்று மேடையில் பேர் சொல்லிக் கைதட்டக்கூட வைத்தாள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. குழைந்த சோற்றைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாமல் நான் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு அவளே என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பார்சலைப் பிரிக்கவில்லை.

"சுபா, ஒன்னு கேக்கணும். மனசுல வச்சிக்கிட்டே இருக்க முடியல."

"கேளு."

"அன்னிக்கு நீ மெனேஜர் பக்கத்துல ஒக்காந்தியே. கூட்டம் இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னது? நான் சொல்லல. பேர்னாட் அண்ணனும் சொல்லலன்னாரு. நீ வெள்ளவத்தைக்கு எப்படி வந்த?" பார்சலை ஓரமாகத் தள்ளினாள். "அவருதானே கூட்டியாந்தாரு? எனக்கு எதிரா சொல்லத்தானே வந்த? என்னைப் பாத்ததும் மனசு மாறிட்ட. அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பஸ் ஏறி ஓடியது, மூன்றாம் மாடி, இரும்புக் கிராதி, அந்த அம்மாவின் கோபம் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. சொன்னால் இவள் அழுவாள், என்னைக் கட்டிப் பிடிப்பாள், இன்று மாலையே உடுப்புப் பையோடு அறைக்கு வந்துவிடுவாள். வந்த சந்தோஷத்தில் புளோறன்ஸ் அக்காவிடம் சொல்வாள், அக்கா பேர்னாட் அண்ணனிடம் சொல்வார், சங்கத்தில் நாலு பேர் கேட்பார்கள். இவள் வயிற்றில் ஒரு வார்த்தை தங்காது. வேறு யாரோ சொன்னார்கள் என்று மழுப்பினாலும், யார் என்று விடாமல் துருவுவாள். அந்த வழக்கறிஞர் தேடிக்கொண்டிருக்கும் ஓட்டையை நானே தோண்டிக் கொடுத்தது போலாகும்.

சுதர்சினி காத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஆமா," என்றேன். "ஒனக்கு எதிரா சொல்லத்தான் வந்தேன். கடைசி நேரத்துல மனசு மாறிட்டேன்."

அவள் பார்சலை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.